பாக்கி பன்னிரண்டு வரிசை

பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்த கம்பளிப் போர்வை, இப்போதுதான் யார் மடியிலிருந்தோ இறக்கியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. பெரியவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓர்ப்படியான சின்னவள் வீட்டில் எதுதான் ஒழுங்காக இருந்தது, போர்வை இருக்க?

பின்னல்தான் அவள் கண்ணை உறுத்தியது. ஒரு கண்ணி இறுகி, ஒரு கண்ணி தளர்ந்து, மீன் வலைகூட இதைவிட லட்சணமாக இருக்கும். முடிக்கவும் துப்பில்லை. பன்னிரண்டு வரிசை பாக்கி; ஊசி குத்தியது குத்தியபடி கிடந்தது.

"அதை வச்சிடுங்க அக்கா." பத்து நாள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி சின்னவள் கதவருகே நின்றாள். "மொதப் பிள்ளைக்குப் போட்டது. அவன் போன அன்னைக்கு நிறுத்தினேன். தினம் ஒரு வரிசை பின்னி, அதையே பிரிச்சிடுவேன். இன்னும் முடியலடா, பொறுத்துக்கோன்னு சொன்னா வராம இருப்பான்."

"நல்லா கதை கட்டுறடி. சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கா?"

பெரியவள் பொல்லாதவள் இல்லை, கண்ணுகளா. போட்டியில் பரிசு வாங்கிய விரல்கள். அந்தத் தலைக்கனம், அவ்வளவுதான். போர்வையை முடித்து, புதுப் பிள்ளைக்குத் தன் பரிசாகப் போர்த்திவிட்டு, பின்னல் என்றால் இதுதான் என்று இவளுக்குக் காட்டிவிட வேண்டும்.

மறுநாள் மதியம் சின்னவள் உள்ளறையில் படுத்துவிட்டாள். கூடத்தில் மரத்தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பெரியவள் ஊசியை எடுத்தாள். வெளியே அடித்துப் பெய்த மழையில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது; ஈரச் சுவரின் வாடையோடு புளித்த பால் வாடையும் கலந்து மெல்ல அறையெங்கும் பரவியது; ஊசிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்துக்கு இடையிடையே, சப்புக்கொட்டுவது போல் இன்னொரு சத்தம்.

ஆறாவது வரிசையில் தொட்டிலிலிருந்து ஒரு சிணுங்கல்.

'பிள்ளையை இங்கே போட்டுவிட்டு இவளுக்குத் தூக்கம் கேட்கிறது. இவளெல்லாம் ஒரு தாய்!'

காலால் தொட்டிலை ஆட்டினாள். கனத்தது. பத்து நாள் பிள்ளைக்கு இத்தனை கனமா?

ஒன்பது. பத்து. போர்வை மடியில் சூடேறியது.

பன்னிரண்டு.

கடைசிக் கண்ணியை இழுத்து முடிச்சிட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

சிணுங்கல் நின்றது.

தொட்டிலுக்குள் மழை இருட்டு. சின்ன மேடு மட்டும் தெரிந்தது. போர்த்தினாள். தட்டிக் கொடுத்தாள். மேடு ஏறியது. இறங்கியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் கை வந்து அவள் விரலைப் பிடித்தது.

சில்லென்று. ஈரமாக.

உள்ளறைக் கதவு திறந்தது. சின்னவள் நின்றாள். தோளில் அவள் குழந்தை, நல்ல தூக்கத்தில்.

பெரியவள் தொட்டிலின் பக்கம் திரும்பினாள்.

சின்னவள் போர்வையைப் பார்த்தாள். பிறகு பெரியவளை, தப்பாய்ப் போன பின்னலைப் பார்ப்பதுபோல.

"முடிச்சிட்டீங்களா? அப்போ இனிமே அவனுக்கு நீங்கதான்க்கா."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

விரலை இழுத்தாள். வரவில்லை. போர்வைக்கு அடியிலிருந்து இரண்டாவது கையும் வந்து அவள் மணிக்கட்டைச் சுற்றியது. அந்தப் பிடி, அவள் பின்னலைப் போலவே, எங்கும் தளரவில்லை.