பிஞ்சுக் கையில் பட்ட சூடு

"அண்ணி, என் சட்டை எங்க? நேரமாச்சு!"

காலையிலிருந்து நாலாவது தடவையாகக் கத்தினான் கொழுந்தன். எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தவனுக்கு இன்றுதான் புது வேலையில் முதல் நாள். அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளிச் சீருடைகளைப் பத்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும்.

"கொடியில கிடக்கு தம்பி. இஸ்திரிப் பெட்டி சூடாத்தான் இருக்கு, நீயே தேச்சுக்கோ. தேச்சதும் மேசை மேலேயே நிமிர்த்தி வெச்சுடு, வாலு ஓடிட்டிருக்கா."

வாலு அவன் மகள். நாலு வயது. அவளுடைய அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து எட்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை குழந்தைக்குப் பெரியம்மாதான் எல்லாம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம்... வயிற்றில் ஒன்றும் தங்காத அவளுக்கும் வாலுதான் எல்லாம்.

பொங்கப்போகும் பாலை இறக்க அவள் அடுக்களைக்குள் போனாள். அவ்வளவுதான். வீறிட்டது குழந்தை!

ஓடி வந்து பார்த்தால், பெட்டி தரையில் கிடந்தது. ஃபோன் வந்ததென்று கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பியிருக்கிறான் அப்பன். பெரியம்மாவைப் போலத் தானும் பொம்மைச் சட்டையைத் தேய்க்கப் பார்த்திருக்கிறது குழந்தை. முன்கையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்துவிட்டது.

அவள் குழந்தையை வாரி எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். வீங்குவதற்கு முன் கையிலிருந்த வளையலைக் கழற்றினாள். தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டுக் கையை அதன் கீழே பிடித்தாள்.

"அண்ணி... பற்பசை தடவலாமா? ஐஸ் எடுத்துட்டு வரட்டுமா?"

"ரெண்டும் வேண்டாம்! ஐஸ் வெச்சா தோல் இன்னும் கெட்டுப்போகும். எண்ணெய், வெண்ணெய் எதையும் கிட்ட கொண்டு வராதே. கடிகாரத்தைப் பாரு. இருபது நிமிஷம் ஆனதும் சொல்லு."

இருபது நிமிஷம்! குழந்தை திமிறியது, உதைத்தது. உடம்பு குளிர்ந்துவிடாமல் துண்டால் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காக்காவின் கல்யாணக் கதையை மூன்று தடவை சொன்னாள். பிறகு ஒத்தி எடுத்து, சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புதுச் சுருளிலிருந்து கிழித்து, இறுக்காமல் காயத்தின் மேல் போட்டாள். அழுகை விசும்பலாகத் தேய்ந்தது.

அப்போதுதான் கொழுந்தன் அவள் காலடியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி... நான் வெச்சேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. போன மாசம் மார்க்கெட்ல இவளைத் தொலைச்சப்பவே சொல்லிட்டா, இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்னு. அவ சொன்னா செய்வா அண்ணி!"

செய்வாள். அது அவளுக்கும் தெரியும். குழந்தை போய்விட்டால் இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஐயோ! என்ன ஆச்சு? யாரு பெட்டிய கீழ வெச்சது?"

"நான்தான்மா... பால் பொங்குதேன்னு அவசரத்துல..."

ஓரகத்தி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். இரவெல்லாம் அடுப்புச் சூட்டில் நின்ற கண்கள் இன்னும் சிவந்தன.

"உங்களை நம்பித்தானேக்கா விட்டுட்டுப் போறேன்! பாலு பெருசா, பிள்ளை பெருசா? ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். சட்டை இன்னும் தேய்க்காமலே கிடந்தது.

அப்பனும் அம்மாவும் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். காயம் மேலோட்டமானதுதான், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது என்றாள் நர்ஸ். உடனே தண்ணீரில் காட்டியவர் நல்ல காரியம் செய்தார் என்றும் சொன்னாள். கொழுந்தன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு வாயை மூடியிருந்தான்.

அன்றோடு வாலுவின் அறைக்கதவு சாத்திக்கொண்டது. ஓரகத்தி லீவு போட்டுக் குழந்தையைத் தானே பார்த்துக்கொண்டாள். "பெரிம்மா எங்க?" என்று கேட்கும் குரல் மட்டும் கதவுக்கு வெளியே வரும்.

சாயங்காலம் பஸ் டிப்போவிலிருந்து திரும்பிய கணவர் அவளையே பார்த்தார்.

"பதினாறு வருஷமா தைக்கிறே. ஒரு நாளாவது பெட்டிய தரையில வெச்சிருக்கியா?"

"விடுங்க. கேக்காதீங்க..." என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை. கட்டு மாற்றும் நேரம். உள்ளேயிருந்து குழந்தை அலறியது.

"பெரிம்மா... பெரிம்மா... அம்மா பிக்கிறா!"

சாத்திய கதவில் இரண்டு கையையும் வைத்து நின்றாள் அவள்.

"அம்மாடி... துணி ஒட்டிக்கிட்டிருக்கும். இழுக்காதே! காய்ச்சி ஆறவெச்ச தண்ணிய விட்டு ஊறவிடு. தானா வந்துடும். நான் உள்ள வரலை... நீயே செய். மெதுவா... அவசரமே வேண்டாம்மா..."

நனைந்த துணி கழன்றிருக்க வேண்டும். அழுகை நின்றது. அவள் கதவு நிலையோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலைக்குக் கிளம்பி நின்ற கொழுந்தன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினான்.

"அவங்க இல்லடி... நான்! பெட்டிய கீழ வெச்சது நான்தான்! நீ போயிடுவேன்னு பயந்து அண்ணி கையக் காலப் பிடிச்சேன். பிள்ளையக் காப்பாத்தினவங்களைப் பேச விட்டுட்டு மரம் மாதிரி நின்னேன்... போறதுன்னா என்னை விட்டுட்டுப் போ. அவங்களை ஒண்ணும் சொல்லாதே!"

ஓரகத்தி அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து வந்து, நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவள் மடியில் விழுந்தாள்.

"அக்கா... என்ன வார்த்தை சொல்லிட்டேன்! அதை எப்படித் திரும்ப எடுப்பேன்? மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா!"

பெரியவளின் கண்ணிலிருந்து நீர் அந்தத் தலைமேல் சொட்டியது.

"மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேம்மா. அது உள்ள போயிடுச்சு... கொஞ்ச நாளு வலிக்கும். வலிக்கட்டும். அதுக்காக உன்னை விட்டுட முடியுமா?" என்றவள், கதவருகே நின்ற கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வேலைக்குப் போ. உன்கிட்ட பேச எனக்கு இன்னும் மனசு வரலை."

அவன் தலை குனிந்தபடி போனான்.

கட்டிலின் மேல் ஒரு கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்த வாலு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பெரிம்மா, அம்மா ஏன் அழறா? அவளுக்கும் சுட்டுடுச்சா?"

"ஆமாண்டி தங்கம்..." என்றாள் ஓரகத்தி, மடியிலிருந்து தலையை எடுக்காமலே. "ரொம்பச் சுட்டுடுச்சு."

பெரியவள் அவளை இறுக அணைத்துக்கொண்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சின்னக் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.