பன்னிவால் கொக்கி

2004 நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு முப்பத்தோராவது கொக்கியும் உடைந்தது.

ஷீலாவின் அப்பா முத்துராஜா துண்டுகளைப் பார்த்தார்.

தேனியில் அவர்களுக்கு ஒரு சின்னப் பீங்கான் பட்டறை இருந்தது. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் கொக்கி கேட்டிருந்தார்கள். நூல் அறுந்துபோகாமல் வழுக்கி ஓடுவதற்கான கொக்கி. முனை பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். மில்லில் அதற்குப் பெயரே பன்னிவால்தான்.

அடுத்த திங்கட்கிழமை பத்துக் கொக்கிகளைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கோயம்புத்தூருக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

ஷீலா ஆறாம் வகுப்பு. கோயம்புத்தூரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

“ஏம்ப்பா ஒடியுது?”

“பிளாஸ்டர் அச்சு தண்ணியக் குடிக்கும். அதனால மண்ணு இறுகுது. ஆனா சுருள் உள்ள ஒட்டிக்கிருது. பிரிச்சா ஒடியுது.”

“அலுமினிய அச்சு இருக்குல்ல?”

“அது ஒட்டாது. ஆனா தண்ணி குடிக்காதே. நாலு நாளானாலும் மண்ணு கூழாத்தான் கெடக்கும்.”

“பன்னிக்கு வாலே வேணாம்னு சொல்லிருவமா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா கிருபாவதிக்கு வந்தது.

மதியம் பள்ளியில் தோழி மைமூன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே ஒரு எவர்சில்வர் கிண்ணம். நோன்புக்காக வீட்டில் காய்ச்சிய கடல்பாசி இனிப்பு. மூடியில் குப்புறத் தட்டினாள். பூ வடிவத்தில் அப்படியே வந்து விழுந்தது. லேசாக ஆடியது. ஓர் இதழ்கூட உடையவில்லை.

மைமூன் அதை நீட்டினாள். ஷீலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏ புள்ள, தின்னத்தான் குடுத்தேன்.”

“இது எப்படி இறுகுச்சு?”

“சூடா இருக்கயில தண்ணியாட்டம் இருக்கும். ஆறுனா இறுகிரும்.”

“கிண்ணம் தண்ணி குடிக்குமா?”

“எவர்சில்வர் எங்கிட்டுத் தண்ணி குடிக்க? உனக்கு என்னமோ ஆயிருச்சு.”

சாயங்காலம் ஷீலா கடையில் வாங்கிய ஒரு பாக்கெட் காய்ந்த கடல்பாசியுடன் பட்டறைக்குள் வந்தாள். இதை மண்ணில் கலந்து அலுமினிய அச்சில் ஊற்றினால் இறுகாதா என்று கேட்டாள்.

“மண்ணுல பலகாரம் பண்ணச் சொல்றியா ஆத்தா?” என்றார் அப்பா.

“முப்பத்தொண்ணு ஒடிச்சாச்சு. இன்னொண்ணு ஒடிஞ்சா என்ன?” என்றார் அம்மா. அடுப்பைப் பற்ற வைத்தார்.

கடல்பாசி கொதித்துக் கரைந்தது. மண்கரைசலில் ஊற்றினார்கள். உடனே கட்டி கட்டியாகத் திரண்டது.

“உப்புமா ரெடி,” என்றார் அப்பா. வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஷீலா மண்ணுக்குள் விரலை விட்டாள். மைமூன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆறினால் இறுகிவிடும்.

“அம்மா, மண்ணு சில்லுன்னு இருக்கு. கடல்பாசி இதத் தொட்டதுமே ஆறிருது. கலக்குறதுக்கு முன்னாடியே இறுகிருது. மண்ணையும் சூடாக்குவமா?”

மண்பாத்திரத்தை வெந்நீர் அண்டாவுக்குள் வைத்தார்கள். சூடேறியதும் மறுபடி ஊற்றினார்கள். இந்த முறை பாலும் டிகாஷனும் போலக் கலந்தது.

ஷீலா அலுமினிய அச்சில் தேங்காயெண்ணெய் தடவினாள். அம்மா மெதுவாக ஊற்றினார். திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. ஷீலா இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து அச்சைப் பிரித்தார்கள்.

கொக்கி முழுசாக இருந்தது. வால் சுருண்டிருந்தது.

“அப்பா!”

அப்பா ஓடி வந்தார். “ஆடுதே ஆத்தா.”

“ஆடட்டும்ப்பா. ஒடியல பாத்தீகளா?”

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “இன்னும் பதினொண்ணு ஊத்துவோம்.”

ஈரத்துணி போர்த்தி, நிழலில் மெதுவாகக் காய வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சூளையில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்தார்கள். பன்னிரண்டு கொக்கிகள் வெள்ளையாகக் கிடந்தன. ஷீலா இரண்டு தடவை எண்ணினாள். இரண்டு தடவையும் பன்னிரண்டு.

திங்கள் மாலை மில் சூப்பர்வைசர் தங்கபாண்டி வந்தார். கொக்கியை மேசையில் தட்டினார். கணீரென்றது. நூலைக் கோர்த்து இழுத்தார். வழுக்கி ஓடியது. வேகமாக இழுத்தார். அறுந்துபோகவில்லை. பன்னிரண்டையும் இழுத்துப் பார்த்தார்.

“ஐநூறு கொக்கி போடுங்க,” என்றார்.

அம்மா ஷீலாவின் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது. ஷீலா நகரவில்லை.

தங்கபாண்டி ஒரு கொக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “யாரு யாருட்டயோ கேட்டேன். எல்லாரும் சுருள்லதான் ஒடியுதுன்னாக. நீங்க மண்ணுல ஏதோ பண்ணியிருக்கீக. யாரு யோசனை?”

அப்பாவும் அம்மாவும் ஷீலாவைப் பார்த்தார்கள். அவள் வாய் நிறைய மைமூன் கொடுத்த கடல்பாசி.

தங்கபாண்டி அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

“சொல்லு தாயி, அதுல அப்படி என்னத்தத்தான் கலந்த?”