குரலை மட்டும் நம்பு

ஒவ்வொரு சிரிப்பும் முடிந்ததும் உதட்டை நக்கிக்கொள்கிற அந்த ஈரச் சத்தம்தான் முதலில் உறுத்தியது. கூடத்தில் மகள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இணைய விளையாட்டில் கிடைத்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர், ஃப்ரிட்ஜின் முனகல், பின்வாசல் தகரத்தில் விழும் தூறல், இத்தனையையும் தாண்டி, வாயில் எதையோ ஊறவைத்துக்கொண்டு பேசுவதுபோன்ற அந்தச் சத்தம் வந்து அவள் காதில் ஒட்டிக்கொண்டது. பத்து வயது என்று சொன்ன அந்தத் தோழிக்கு ஏது இப்படியொரு வாய்?

அவளுக்குப் பாம்புச் செவி. காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் வேலை. ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, எந்தச் சத்தம் எட்டுகிறது, எது எட்டவில்லை என்று சோதிப்பவள். அந்தப் பெருமையில்தான் வீட்டுச் சட்டங்களைப் போட்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். ஹெட்போன் கூடாது, ஸ்பீக்கரில்தான். "படத்த நம்பாத, முகத்த நம்பாத, எல்லாத்தயும் மாத்திடலாம். கண்ண மூடிக்கிட்டுக் குரலக் கேளு. குரல் பொய் சொல்லாது கண்ணு." பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெடுக்கென்று பிடுங்கினால் பிள்ளைகள் ஒளித்துச் செய்யப் பழகிவிடும், அது அவளுக்குத் தெரியும். பிசுக்கேறிய திரையில் ஒரு பொம்மை முயல் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா, உங்கம்மா இருக்காங்களா? கொஞ்சம் குடு, பேசணும்," என்றாள் முயலிடம்.

சிரிப்பு நின்றது. சளி அடைத்த மூக்கில் இழுத்துவிடுகிற கனத்த மூச்சு. அந்த மூச்சுக்குப் பின்னால் மழை. தகரத்தில் விழும் மழை.

"சொல்லுங்க," என்றது டேப்லெட்.

அது அவள் குரல். கடைக்கு வருகிறவர்களிடம் பேசும்போது வரும் அந்த இழுப்பும், பேசுமுன் தொண்டையைச் செருமுவதும்கூட அப்படியே. தன் பல்துலக்கியை யாரோ வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்ததுபோல அவளுக்குக் குமட்டியது. புளித்த நீர் தொண்டைவரை ஏறிச் சுட்டது. இத்தனை மாதமாக, தான் காவலுக்குக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். திட்டியது, கொஞ்சியது, தூங்கவைக்கப் பாடியது, எல்லாவற்றையும் அந்த வாய் மென்று பழகியிருக்கிறது. சீ.

மகளுக்கு வியப்பே இல்லை.

"நீ கடையிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி டெய்லி இதுலதானம்மா பேசுவ? இன்னிக்குப் பின்கதவுத் தாழ்ப்பாளத் தொறந்து வைக்கச் சொன்னியே. தொறந்துட்டேன்."

அம்மா எட்டி டேப்லெட்டை அணைத்தாள். மழை மட்டும் கேட்டது. பிறகு கீல் அசைந்தது.

தரையில் ஈரக் கால்.

இன்னொன்று.

சமையலறை விளக்கு அணைந்தது.

"கண்ணு," இருட்டிலிருந்து அவள் குரல் கூப்பிட்டது. "இங்க வா. பக்கத்துல இருக்கறது அம்மா இல்ல."

மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "போகாத," என்றாள். புளிநீர் அரித்த தொண்டையிலிருந்து கரகரவென்று ஏதோ வந்தது. அவளுக்கே அது அந்நியமாக இருந்தது.

"நாந்தான்டி அம்மா."

அதுவும் கரகரத்தது.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். தலையைச் சாய்த்து, சொல்லிக்கொடுத்தபடியே, கவனமாகக் கேட்டாள். அவள் முகம் வெளிறியது.

"தெரியாதவங்க பிடிச்சா என்ன செய்யணும் கண்ணு?" என்றது சமையலறை, அன்பாக.

மகள் குனிந்து அவள் கையைக் கடித்தாள். பிடி நழுவியது. அழுதுகொண்டே ஓடி, கதவோரம் நீண்டிருந்த ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அது யாரும்மா?"