கருஞ்சுவரின் சூடு

2019 ஜனவரி 17, லடாக், சக்தி கிராமம். மாலை நான்கு மணிக்கு வெளியே மைனஸ் பத்தொன்பது டிகிரி. யாங்டோல் வீட்டுக் கண்ணாடியறையின் கருஞ்சுவரில் மாட்டிய வெப்பமானியில் இருபத்தொன்பது. வெயில் அடித்து நான்கு நாளாகியிருந்தது.

வரைபடம் அவள் போட்டதுதான். தெற்கே கண்ணாடி, பின்னால் கறுப்புச் சாயமடித்த தடித்த மண்சுவர். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் விடும். வெயில் இல்லையென்றால் இரண்டே நாளில் ஆறிவிட வேண்டும். கணவன் மோதுப் இறந்தபின், இந்தக் குளிர்காலத்தைத் தனியாகத் தாண்டிக் காட்டுகிறேன் என்று ஊரிடம் சவால்விட்டு, ஒரு வரட்டிகூடச் சேர்க்காமல் குடிவந்திருந்தாள். இப்போது பனி வாசலை மூடிவிட்டது. இந்தச் சுவரை விட்டால் வேறு கதியில்லை.

கொத்தனார் குர்மெத்தைப் போனில் பிடித்தாள்.

"வெயிலே இல்ல. சுவர் எப்படிச் சுடுது?"

"சுட்டா சந்தோஷப்படுங்க அக்கா. ஊரே வரட்டிக்கு அடிச்சுக்குது, உங்களுக்கு இது ஒரு குறையா?"

"என்ன கல்லு வெச்ச?"



"அக்டோபர்லயே உறைபனி வந்துடுச்சு, செங்கல் காயல. மேட்டுல உங்க பங்காளிங்களோட பழைய எரிகூடு இடிஞ்சு கெடந்துச்சு. நல்லா வெந்த மண்ணு, சூடு புடிச்சு வெக்கும்னு..."

குடும்பத்துப் பிணங்களை முழங்காலைக் கட்டி, உட்காரவைத்து, தலைமுறை தலைமுறையாக எரித்த கூடு. கடைசியாக எரித்தது மோதுப்பை.

போன் அணைந்தது. கண்ணாடியில் பனி உரசும் ஓசைக்கு அடியில், சுவருக்குள் மண் உதிர்வதுபோல் ஒரு மெல்லிய நொறுங்கல். கூடவே ஜூனிபர் மரப் புகையும் உருகிய வெண்ணெயும் கலந்த வாசம், அவனை எரித்த அன்று அவள் கூந்தலில் ஏறி மூன்று நாள் போகாமலிருந்த அதே வாசம். தேநீரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். இடித்தது. பனிக்கட்டி.

தொட்டிக் கீரையைத் தொட்டாள். கண்ணாடிபோல் முறிந்தது.

அறையின் சூட்டையெல்லாம் சுவர் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதில் இப்போது முப்பத்து மூன்று.

குளிர் எலும்பில் ஏறியது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சூடு. இதமான சூடு. விரல்கள் மரத்தன. எழ வேண்டும். கால் நீளவில்லை. முழங்கால்கள் தாமாக மார்போடு ஒட்டிக்கொண்டன.

மூன்றாம் நாள் பாதை திறந்தது. குர்மெத் கதவை உடைத்து உள்ளே வந்தான். யாங்டோல் முழங்காலைக் கட்டி, தலை கவிழ்ந்து, சுவரில் சாய்ந்திருந்தாள். உடல் கல்லாக உறைந்திருந்தது.

சுவரில் முப்பத்தேழு டிகிரி, உயிருள்ள உடம்பின் சூடு.