பன்னிரு கால் பேழை

செம்மண் குழியின் அடியில் கடல்மணல் கிடந்தது.

ஒரு பிடிதான் இருக்கும். வெளுத்து, ஈரம் உலராமல், பேழையின் கீழ்த்திசைக் கால்களின் அருகே யாரோ கையிலிருந்து நழுவவிட்டாற்போல் கிடந்தது. எல்லப்பன் ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே அதைப் பார்த்தான். அந்த மேட்டிலிருந்து கடல் முக்கால் மைல் தொலைவு. நடுவே சவுக்குத் தோப்பு, அப்பால் உப்பங்கழி, அதற்கும் அப்பால் மீனவர் குப்பமும் மணல்மேடும். இரவு மழை பெய்யவில்லை. குழியை மூடியிருந்த தார்ப்பாயின் கட்டும் அவிழவில்லை. விரல் நுனியில் சிறிது எடுத்து நாவில் வைத்தான், உப்புக் கரித்தது. கூலியாட்களின் காலில் ஒட்டி வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கரணையால் அதை வாரி மேலே எறிந்தான்.

எறிந்த பிறகுதான் நினைவு வந்தது. கூலியாட்கள் நேற்று வரவேயில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டின் ஐப்பசி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்வட்டங்கள் சிதறிக் கிடந்த அந்த மேட்டில் எல்லப்பன் குழி தோண்டத் தொடங்கி நாற்பது நாள் ஆகியிருந்தது. படாளத்து உழவர் வீட்டுப் பிள்ளை அவன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டை வரலாறு பயின்று, முனைவர் பட்டத்துக்கான ஆய்வில் மூன்றாம் ஆண்டைக் கடந்துகொண்டிருந்தவன். ஏழடி ஆழத்தில் அவனுக்குக் கிடைத்தது சுட்ட மண்ணாலான ஈமப்பேழை. நாலரை அடி நீளம். மூன்று வரிசையாய்ப் பன்னிரண்டு குட்டைக் கால்கள். பார்க்கும்போதெல்லாம், நெடுவழி நடந்து வந்து இளைப்பாறப் படுத்த விலங்கொன்றைப் போலவே அது அவனுக்குத் தோன்றியது.

மூடியை முதன்முதலில் அவன் தனியே திறந்தான். உள்ளே எலும்பில்லை, பானையோட்டுத் துண்டில்லை, கசிந்த மண்கூட இல்லை. விருந்தினருக்காகக் கூட்டிப் பெருக்கி வைத்த அறையைப் போல் அது வெறுமையாய் இருந்தது. மூடியின் கீழ்த்திசை ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு விட்டிருந்தார்கள்.

துறைத் தலைவி சாரதாம்பாளுக்குக் கடிதம் எழுதினான். மறுமொழி ஐந்தே வரிகளில் வந்தது. எலும்பில்லாத பேழை வெறும் பானை. மூன்று ஆண்டுக்கு ஒரு பானை போதாது. அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். அதற்குள் ஒன்றும் இல்லையெனில் குழியை மூடிவிட்டு ஊருக்குப் போகலாம். உன் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

அன்று மாலையே அவன் மணல்மேட்டுக்குப் போனான். குப்பத்தார் இளவயதில் இறந்தவர்களைப் புதைக்கும் இடம் அது. அலை அரித்த சரிவில் ஒரு பாயின் விளிம்பு வெளியே தெரிந்ததை முன்பே பார்த்து வைத்திருந்தான். மண்டையோட்டையும், நீண்ட எலும்புகள் ஆறையும் எடுத்துச் செம்மண் குழம்பில் மூன்று நாள் ஊறவைத்தான். நிறம் நன்றாகப் பிடித்தது. திங்களன்று பேழைக்குள் அடுக்கிச் சலித்த மண்ணால் மூடினான். செவ்வாயன்று கூலியாட்களின் கண்ணெதிரே தூரிகையால் அந்த மண்ணைத் துடைத்துத் துடைத்துக் 'கண்டெடுத்தான்'. அதன் பிறகு ஒருவரும் வேலைக்கு வரவில்லை.

மணலைக் கண்ட அந்த வியாழனன்று பொழுது சாய்கையில், கூலியாட்களில் ஒருவனான இருசப்பன் வந்தான்.

"இன்னா வாத்தியாரே, தனியா குந்திகினு பானையோட பேசிகினு கீறியா?"

"ஏன் ஒருத்தரும் வரல, இருசப்பா?"

"வர மாட்டோம். எம் மம்பட்டிய எட்த்துகினு போலாம்னு வந்தேன்." குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு அமர்ந்து உள்ளே பார்த்தான். "அன்னிக்கு நீ மூடி தொறக்க சொல்ல நான் மேலேந்து பாத்தேன். கழுவிக் கவுத்த சட்டியாட்டம் இருந்திச்சி. இப்போ எலும்பு கீதுன்ற. எப்புடி வந்திச்சி? செங்கல்பட்டுல பஸ்ஸு புட்ச்சி வந்திச்சா?"

"மண்ணுக்கு அடியில இருந்தது. உனக்குத் தெரியல."

"எனக்குத் தெர்ல. சரி." இருசப்பன் பக்கவாட்டில் துப்பினான். "கடல்ல போயி வராதவனுக்கு எங்க குப்பத்துல இன்னா செய்வோம் தெரியுமா? வூட்ல பாய் போட்டு வெப்போம். பதினாறு நாளு. கதவத் தாப்பா போட மாட்டோம். அந்தப் பாயில ஒரு பூனை ஏறக்கூடாது. அவன் வந்தா பட்த்துக்க எடம் வோணும்ல? அத்தான் இதுவும். பாயிக்கு பதுலா பானை. மூடில வழி வுட்டுகீறாங்க பாரு, கடலப் பாக்க."

"இது மூவாயிரம் வருஷத்துக்கு முந்தினது."

"தூரம் போனவன் லேட்டாதான் வருவான்."

சிரித்துக்கொண்டே எழுந்தான். ஆனால் மண்வெட்டியைத் தோளில் ஏற்றியவன், இருட்டுவதற்குள் கழியைக் கடந்துவிட வேண்டும் என்பவனைப் போல் திரும்பிப் பாராமல் நடந்தான்.

எல்லப்பன் நெடுநேரம் அங்கேயே இருந்தான். தவறு அவனுக்கு அப்போது விளங்கியது. வெறுமைதான் கண்டுபிடிப்பு. உடல் கிடைக்காதவனுக்காக அமைத்த பள்ளி. அவன் வரும்வரை யாரும் தீண்டாதிருக்க வேண்டிய படுக்கை. அதை உள்ளவாறு எழுதியிருந்தால் துறையே எழுந்து நின்றிருக்கும். அவனோ வெறுமையைக் குறை என்று எண்ணி, அதில் வேறொருவனைக் கொண்டுவந்து கிடத்திவிட்டான். எலும்பு கிடைத்த செய்தியும் தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

வெள்ளி காலையில் தார்ப்பாயை விலக்கியபோது மீன் நாற்றம் முகத்தில் அடித்தது. மீனும் அல்ல, பாசி படர்ந்த மரமும் நெடுநாள் வெயில் காணாத நீரும் கலந்த, அவன் அறியாத ஓர் ஆழத்தின் நாற்றம். குழியின் அடியெங்கும் மணல். தொடையெலும்புகள் இரண்டும் பேழைக்கு வெளியே சுவரில் சாத்தியிருந்தன. கையெலும்புகள் ஒரு கட்டாய்க் கிடந்தன. மண்டையோடு ஏணியின் மூன்றாம் படியில் குழியின் வாயைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. எதுவும் உடையவில்லை, எதுவும் எறியப்படவில்லை. தன் வீட்டில் பிறன் போட்டுவிட்டுப் போன தட்டுமுட்டுச் சாமான்களை வீட்டுக்காரன் பொறுமையாய் எடுத்து வெளியே வைத்ததுபோல் இருந்தது.

நாளை சனிக்கிழமை. எல்லப்பன் ஒவ்வொன்றாய் எடுத்து மீண்டும் உள்ளே அடுக்கினான். பேழையின் உட்சுவர் ஈரமாய் இருந்தது. கையை விரைவாய் இழுத்துக்கொண்டான்.

நண்பகலில் ஆதியம்மாள் சோறு கொண்டுவந்தாள். குப்பத்துக் கைம்பெண், நாற்பது நாளாய் அவனுக்குச் சமைத்துப் போடுபவள். தூக்குப்போணியை அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துக் காலால் அவன்பக்கம் தள்ளினாள்.

"துன்னு. துன்னுட்டுச் சொல்லு. எம் புள்ள எங்க?"

"எந்தப் பிள்ளை?"

"தனக்கோடி. காய்ச்சல்ல போனான், மூணு வருசம் ஆவுது. மணல்மேட்ல பொதச்சோம். இன்னிக்கு வெளக்கு வைக்கப் போனா பள்ளந்தான் கீது."

"நாய் தோண்டியிருக்கும், ஆதியம்மா."

"நாய்க்கு எலும்புதான் வோணும்." அவள் குரல் உயரவில்லை. "பாய நாலா மடிச்சி, அது மேல கல்லு வெச்சிட்டுப் போவாது."

அவன் உண்ணவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் ஒழுங்காய் மடித்து வைப்பது, மூன்றாண்டு ஆய்வு அவன் கைகளுக்குப் பழக்கிவைத்த ஒழுக்கம். மணல்மேட்டில் எலும்பெடுத்த அன்றும் அந்தக் கைகள் தாமாகவே அதைச் செய்திருந்தன.

"நாளைக்கு ஒங்க மேடம் வர்ராங்களாமே," என்றாள் ஆதியம்மாள். "அவுங்க எதுர்லயே கேக்குறேன்."

தோப்பின் ஓரத்து ஓட்டு வீட்டில் அவனுக்கு ஓர் அறை. பிற்பகலில் பூட்டைத் திறந்து உள்ளே போகவிருந்தவன் வாசற்படியிலேயே நின்றான். காலடிகள். ஈரமானவை, விரல்கள் அகன்றவை. அறையின் நடுவே விரித்திருந்த கோரைப்பாய்வரை சென்றிருந்தன, திரும்பி வரவில்லை. பாயில் ஓர் ஆள் படுத்த அளவுக்கு நனைந்திருந்தது. தலையிருந்த இடத்தில் கருமையாய், முழங்கால் மடக்கிய இடத்தில் குழிந்து, முதுகின் நெடுகிலும் வெண்மணல். கொடியில் காய்ந்த வேட்டியும், மைக்கறை படிந்த அரைக்கைச் சட்டையும் காணோம்.

தன் படுக்கையில் ஆள் இருந்ததால், என் படுக்கைக்கு வந்திருக்கிறான்.

மாமல்லபுரமாகிய கடல்மல்லையில் அரவணையையும் துறந்து வெறுந்தரையில் பள்ளிகொண்ட பெருமானை அவன் விடியல்தோறும் பாசுரம் சொல்லித் தொழுபவன். இப்போதும் வாய் திறந்தான். முதற்சொல் வந்தது. அடுத்தது வரவில்லை. சிறுவயது முதல் நாவில் ஊறிய வரிகள், நீரில் எழுதியவைபோல் ஒவ்வொன்றாய்க் கரைந்து போயின.

எலும்புகளை மணல்மேட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். அவன் அதையும் எண்ணினான். பதிவேடும் அதில் இருந்த தன் பெயரும் கண்முன் வந்தன. இன்றிரவு மட்டும் வெளியே எடுத்து வைப்போம். அவன் வந்து படுத்துப் போகட்டும். விடிந்ததும் உள்ளே வைத்துவிடலாம். பத்து மணிக்குத்தானே அவர்கள் வருவார்கள். இப்படித் தீர்மானித்துக்கொண்டு, கருக்கலில், கையில் அரிக்கேன் விளக்குடன் குழிக்குள் இறங்கினான்.

முதல் தூறல் விழுந்தது. எலும்புகளை ஒவ்வொன்றாய்க் கைநீட்டி மேலே விளிம்பில் வைத்தான். ஆறு எலும்புகள். கடைசியாய் மண்டையோடு. அதை வைத்த கை திரும்புமுன், மேலிருந்து இன்னொரு கை அதை எடுத்துக்கொண்டது.

ஆதியம்மாள். மடியை விரித்து ஏந்தியிருந்தாள். எலும்புகள் அதற்குள் ஏறிவிட்டன. மண்டையோட்டின் செம்மண்ணை முந்தானையால் துடைத்தாள், குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல். பின்பு ஏணியைப் பிடித்தாள்.

"ஆதியம்மா, ஏணி... ஏணியை விடு. நான் சொல்லிடறேன், எல்லாத்தையும் சொல்லிடறேன்..."

"யாராண்ட சொல்லுவ?" ஏணி மேலே போயிற்று. "எடந்தான் காலியா கீதே. பட்த்துக்கோ."

அவள் காலோசை மழையில் தேய்ந்தது. அவன் சுவரைப் பற்றினான். செம்மண் வழுக்கிற்று, மீண்டும் பற்றினான், பெயர்ந்து வந்தது. விளக்கில் நீர் விழுந்து சீறி அணைந்தது.

அப்போது தோப்பின் பக்கமிருந்து ஓர் ஒலி. அவனுடைய அறைக் கதவின் கீல். எண்ணெய் போடாத அதன் முனகலை அவன் நன்கறிவான்.

காலடி. ஈரமான காலடி.

நின்றது. நடந்தது. சருகில். பிறகு செம்மண்ணில்.

அருகில்.

எல்லப்பன் எண்ணிப் பார்க்கவில்லை. ஒளிய ஓரிடம்தான் இருந்தது. பேழையின் விளிம்பைத் தாண்டி உள்ளே நுழைந்தான். முழங்காலை மடக்கினான். தலையைச் சாய்த்தான். தோள் பொருந்தியது. முதுகு பொருந்தியது. அளவெடுத்துச் செய்ததுபோல்.

மேலே மூச்சு. மூச்சல்ல, அலை வாங்கும் ஒலி.

மூடி நகர்ந்தது.

கீழ்த்திசைத் திறப்பின் வழியே ஒரு பிடி மணல் உள்ளே விழுந்தது. இன்னொரு பிடி. இன்னொன்று. அவசரமேயில்லை. அவன் கத்தினான். மணல் வாய்க்குள் போயிற்று. உப்புக் கரித்தது.

பின்பு வெளிச்சம்.

மூடி இல்லை. மழை விட்ட வானம் வெண்மையாய் இருந்தது. குழிக்குள் ஏணி இறங்கியிருந்தது. சாரதாம்பாள் பேழையின் அருகே மண்டியிட்டிருந்தாள். கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு வெறுங்கால்கள் நின்றன. விரலிடுக்கில் வெண்மணல். வேட்டியின் கரை எல்லப்பன் அறிந்தது. மைக்கறை படிந்த சட்டையின் நுனியிலிருந்து நீர் சொட்டியது.

"நம்பவே முடியல," என்றாள் சாரதாம்பாள், அந்தக் கால்களின் பக்கம் திரும்பி. அவள் குரலில் இத்தனை கனிவை எல்லப்பன் கேட்டதேயில்லை. "எல்லப்பன், நீ எழுதினது ஏழு எலும்புதானே? இங்க முழு உடம்பே இருக்கு. கால்விரல்கூட சிதறல. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்."

அந்தக் கால்கள் அசையவில்லை. நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மேடம், என்று எல்லப்பன் கூப்பிட்டான். நான்தான். இதோ நான்தான்.

"முதல்ல வாய்ப்பக்கம் சுத்தம் பண்ணுவோம்," என்றாள் அவள். "பல்லிடுக்கெல்லாம் மணல்."

மெல்லிய தூரிகையை எடுத்தாள். குனிந்தாள். கத்திக்கொண்டிருந்த அவன் பற்களுக்கிடையிலிருந்து, ஒவ்வொரு மணலாக, மிகப் பொறுமையாகத் துடைக்கத் தொடங்கினாள்.