ஊற்றுக்கண்ணில் ஒரு விமானம்

செம்பை வாய்க்கு அருகே கொண்டுபோன முத்துவேல் அப்படியே நிறுத்திவிட்டான். தண்ணீரில் பெட்ரோல் வாடை.

"பவளம், இதுல இன்னாத்த மொண்ட?"

"தண்ணியத்தான். வேற இன்னாத்த மொள்ளுவாங்க?" அடுப்பங்கரையிலிருந்து வந்த அவன் மனைவி செம்பை வாங்கி மோந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லியே. ஏரி ஊத்துத் தண்ணிதான். விடிஞ்சதுலேர்ந்து குந்திக்கினு கொட்டாங்கச்சியால மொண்டா அரைக் கொடம் தேறுது. அதுல வாசன வேற பாக்குறீங்களா?"

அவள் குடித்தாள். அவன் குடிக்கவில்லை. கொல்லையில் தொட்டியில் ஊற்றியதைக் கறவை மாடும் குடிக்கவில்லை. தாகத்தில் நாக்கு வெளியே தொங்கத் தள்ளாடி வந்த மாடு, மூக்கைத் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தி, உள்ளேயிருந்து யாரோ தன்னைப் பார்ப்பதைப் போல வெகுநேரம் பார்த்தது. பிறகு மெல்லப் பின்வாங்கி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டது.

எண்பத்து மூன்றாம் வருடக் கோடை. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையின் இரண்டு பக்கமும் கழனிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. கிணறுகளில் விட்ட வாளி தரையில் இடித்தது. ஊருக்கு மிஞ்சியது வறண்ட ஏரியின் நடுப்பள்ளத்தில் கசிந்த ஓர் ஊற்றுதான். அதுவும் நாளுக்கு நாள் இளைத்தது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரே பிழைக்கப் போக வேண்டியதுதான். ஊற்றை ஆழப்படுத்தித் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் முத்துவேல். செத்துப்போன அவன் அப்பா காலத்திலிருந்தே ஏரி விஷயத்தில் அந்தக் குடும்பம் சொல்வதுதான் முடிவு.

வெட்ட வந்தவர்கள் காலனி ஆட்கள்: இருசப்பனும் அவன் கூட்டாளிகளும். ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் புதிதாகச் சொல்லவில்லை. மண் காய்ந்திருக்கும்வரை அவர்கள் வெட்டலாம். தண்ணீர் கண்ணில் பட்டதும் மேலே ஏறிவிட வேண்டும். அதன்பிறகு ஊர்க்காரர்கள் மொண்டு, தள்ளி வைத்த காலனிக் குடங்களில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள்.

ஊற்றை ஒட்டி ஆள் ஆழம் வெட்டியபோது கடப்பாரை எகிறியது. கல்லில் பட்ட சத்தமில்லை அது. உள்ளே காலியாக இருக்கும் ஒன்றின் சத்தம்.

மத்தியானத்துக்குள் ஓர் இறக்கை வெளியே தெரிந்தது. சாம்பல் பூத்த அலுமினியத் தகடு, வரிசை வரிசையாக ஆணித்தலைகள், நடுவே பாசி படிந்த வட்டச் சின்னம். பவளத்தின் தம்பி சேட்டு திருப்புலிவனத்திலிருந்து டிராக்டரோடு வந்தவன், பள்ளத்தின் விளிம்பில் நின்று விசில் அடித்தான்.

"மாமா, ஏரோப்ளேனு மாமா! சண்டக் காலத்துது. மெட்ராசுல இருந்து பறந்துக்கினே இருப்பானுங்களாமே, அதுல ஒண்ணு. ஓரத்துல பாரு, ஈரம் எப்படிக் கசியுதுன்னு. ஊத்துக்கண்ணே இதுக்கு அடியிலதான் கீது. சோடா பாட்டில் குண்டு மாதிரி அடச்சிக்கினு கீது. செயின் போட்டு இழுத்தா முடிஞ்சிது பேஜாரு."

முத்துவேல் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு ஏரிக்குள் நடந்தான். வெயில் தலையில் நின்றது. காய்ந்த சேற்றின் நாற்றம், செத்த நத்தைகளின் நாற்றம், அவற்றுக்கு அடியில் மெலிசாக, விடாமல், அந்தப் பெட்ரோல் வாடை. பள்ளத்தை நெருங்க நெருங்க உள்ளங்காலில் ஏதோ பட்டது. காதில் விழவில்லை. காலில்தான் தெரிந்தது. தரைக்கு அடியில், யாரோ மூடிய கதவை விரல் மூட்டால் தட்டுவது போல. அவன் நின்றான். நின்றது. நடந்தான். மறுபடியும்.

"சேட்டு, காலுல இன்னாவாவது தெரியுதா?"

"சூடு தெரியுது மாமா. செருப்பப் போட்டுக்கினு வராம வேண்டுதலா உனக்கு?"

பள்ளத்துக்குள் இருசப்பனும் மற்றவர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். இறக்கைக்கு மேலே, சேறு மூடிய கண்ணாடிக் கூண்டு ஒன்று, கவிழ்த்துவைத்த பெரிய மீன்தொட்டி மாதிரி முளைத்திருந்தது. அதன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

"ஆண்டே, சுத்தி வெட்டியாச்சு. இதுக்கு மேல நாங்க கைய வெக்க மாட்டோம்" என்றான் இருசப்பன்.

"ஏன்டா, கூலி பத்தலியா?"

"கூலி கெடக்குது. அந்தக் கண்ணாடிக்குள்ள ஆளு கீறான்."

சேட்டு சிரித்தான். "நாப்பது வருசமாவா? பசிக்குமேடா பாவம். நாஷ்டா வாங்கியாரட்டுமா?"

இருசப்பன் சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். முத்துவேலைப் பார்க்காமல் இறக்கையைப் பார்த்துப் பேசினான்.

"எங்க நைனா கரமேல நின்னு பாத்தவரு. அப்போ ஏரி ரொம்பிக் கெடந்துதாம். பொகைய கக்கிக்கினு வந்து வுழுந்துது. சேத்துல பொதஞ்சி, இந்தக் கண்ணாடி மட்டும் வெளிய தெரியுது. உள்ள வெள்ளக்காரன். கையால தட்டறான். வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏரியில உசிரோட வுழுந்தவன ஊர்க்காரங்க எடுக்கணும், பொணத்த நாங்க எடுக்கணும். வெள்ளக்காரனத் தொட்டா தீட்டு, அப்பால போலீசு வேற வரும்னு ஊர்ல ஒருத்தரும் எறங்கல. 'அவன் செத்துட்டான், இனிமே உங்க வேல'ன்னு உங்க நைனா சொன்னாரு. செரின்னு எங்க நைனா வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு எறங்கப் போனாரு. அதுக்கும் ஊரு வுடல. ரொம்பின ஏரி, குடிக்கிற தண்ணி, காலனிக்காரன் கால் பட்டா எப்படின்னு பேசறாங்க, பேசறாங்க, பொழுது போவற வரைக்கும் பேசறாங்க. அவன் தட்டிக்கினே கீறான். 'ஆண்டே, செத்தவன் எப்படித் தட்டுவான்'னு கேட்டதுக்கு எங்க நைனாவுக்குச் செருப்படி. அப்பால அப்பிடியே முழுகிடுச்சி. பட்டாளத்தானுங்க தேடிக்கினு வந்தப்ப, இந்தப் பக்கம் எதுவும் வுழலன்னு சொல்லிட்டாங்க."

"உங்க நைனா சாராயத்துல சொன்ன கத" என்றான் முத்துவேல்.

"இருக்கட்டும். அந்தத் தண்ணியத்தான நாப்பது வருசமா குடிச்சிக்கினு கீறீங்க. கண்ணாடியயும் நீங்களே தொறங்க."

பள்ளத்திலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

வெயில் சாயும்வரை முத்துவேல் காத்திருந்தான். ஆட்கள் மனம் மாறவில்லை. செயினின் கொக்கியை மாட்ட வேண்டிய இரும்புச் சட்டம் கண்ணாடிக் கூண்டுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே எங்கே மாட்டினாலும் தகடு கிழிந்து வந்தது. சேட்டு டிராக்டரை விட்டு இறங்க மறுத்தான். கிளட்ச் சரியில்லையாம், வேறு யாரும் தொடக்கூடாதாம். கரை முழுக்க ஊர் திரண்டுவிட்டது. பெண்கள் குடங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் பார்க்க, அப்பாவைப் பற்றி ஒரு கூலிக்காரன் சொன்ன கதைக்குப் பயந்து திரும்பி நடக்க முத்துவேலால் முடியாது. மாடு நேற்றே எழுந்திருக்கச் சிரமப்பட்டது. தண்ணீர் வேண்டும்.

இறங்கினான்.

பள்ளத்துக்குள் காற்று இல்லை. மேலே பேசிய பேச்சு மூடிபோட்டது போல நின்றுவிட்டது. பெட்ரோல் வாடை தொண்டையைக் கரித்தது. இறக்கைமேல் கால் வைத்ததும் தகடு மெல்ல முனகியது. தோளிலிருந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தான். சேறு பட்டை பட்டையாக வழிந்தது. உள்ளேயும் சேறுதான் இருக்கும், எலும்பு நாலு இருக்கும், கும்பிட்டுவிட்டு எடுத்து ஓரமாகப் புதைத்துவிடலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

உள்ளே சேறு இல்லை. எலும்பும் இல்லை. காய்ந்து, சுத்தமாக, காலியாக இருந்தது இருக்கை.

ஆனால் கண்ணாடி பனி பூத்திருந்தது. உள்பக்கமாக. மழைநாளில் ஆட்கள் நெருக்கியடித்துப் போகும் பஸ்ஸின் ஜன்னல் பூக்குமே, அப்படி.

அதில் நாலு விரல் தடம். ஈரம் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"மாமா, சீக்கிரம் ஆவட்டும்!" எங்கோ தூரத்தில் சேட்டு.

முத்துவேல் கண்ணாடிக் கூண்டைப் பிடித்துத் தள்ளினான். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று நினைத்தான். எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கித் திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்றில் பெட்ரோல், அதற்குள் மனித வியர்வை. பழைய வியர்வை இல்லை. இன்றைய வியர்வை.

கொக்கியோடு கையை நீட்டினான். எட்டவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தான். அப்போதும் எட்டவில்லை. இன்னொரு காலையும் வைத்து, இருக்கையில் குந்தி, பின்பக்கம் வளைந்து மாட்டினான். மாட்டிவிட்டான். கையை உயர்த்தி சேட்டுவுக்குச் சைகை காட்டினான். டிராக்டர் உறுமியது.

அப்போதுதான் உட்கார்ந்த இடம் உறைத்தது. இருக்கை சூடாக இருந்தது. வெயில் காய்ந்த சூடு இல்லை. ஆள் எழுந்துபோன இடத்தில் இருக்கும் சூடு.

எழப் பார்த்தான். எழ முடியவில்லை. மடியில் வார் ஒன்று குறுக்கே கிடந்தது. அவன் போடவில்லை.

செயின் இழுத்தது. விமானம் ஆடியது. அதன் மூக்கு கீழே சாய்ந்தது. அடியில் எங்கோ பெரிதாக ஒன்று உடைந்தது.

தண்ணீர்.

கரையில் குலவைச் சத்தம் கேட்டது. எத்தனை மாதமாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. சேற்றுத் தண்ணீர் கொப்பளித்து இறக்கைமேல் ஏறியது. தலைக்கு மேலே கண்ணாடி வழுக்கிக்கொண்டு வந்தது. சின்ன 'க்ளிக்'. மூடிக்கொண்டது.

"சேட்டு! நிறுத்துடா!"

குரல் கண்ணாடிக்குள்ளேயே சுற்றியது. முஷ்டியால் அடித்தான். தலையால் முட்டினான். செயின் அறுந்து, பாம்பு போலச் சுருண்டு மேலே போனது. பழுப்புத் தண்ணீருக்கு அப்பால் ஆட்கள் தெரிந்தார்கள். சேட்டு டிராக்டர்மேல் எழுந்து நின்று, தலையில் அடித்துக்கொண்டு, கைகாட்டிக் கத்தினான். கத்தினானே தவிர இறங்கவில்லை. இருசப்பன் சரிவில் பாதிவரை ஓடிவந்தான். தண்ணீரின் விளிம்பில் வந்து நின்றான். நின்று, கரையிலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். சரியென்று யாராவது சொல்வார்களா என்று பார்த்தான்.

யாரும் சரியென்று சொல்லவில்லை. யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

தண்ணீர் கண்ணாடியை மூடியது.

இருட்டு. மார்புவரை தண்ணீர். கழுத்துவரை. மூக்கு. பிறகு மூச்சு இல்லை. மூச்சு தேவையும் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. வெளிச்சம் வந்தது. போனது. மறுபடி வந்தது. எத்தனை முறை என்று தெரியவில்லை. சேறு மெல்ல அடங்கியது. தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி போல, பளிங்கு போலத் தெளிந்தது. இனிப்பான தண்ணீராகத்தான் இருக்கும்.

தான் தனியாக இல்லை என்பது முத்துவேலுக்குத் தெரிந்தது. இருக்கைக்குப் பின்னால், கழுத்தோடு ஒட்டி, யாரோ பொறுமையாக இருந்தார்கள். வெளுத்து ஊறிய ஒரு கை தோள்மேலாக நீண்டு வந்தது. முரட்டுத்தனம் இல்லை. அவன் மணிக்கட்டைப் பற்றி, விரல்களை மடக்கி, கண்ணாடியில் ஓரிடத்துக்குக் கொண்டுபோய் வைத்தது. இங்கே தட்டினால்தான் மேலே கேட்கும் என்று சொல்லிக்கொடுப்பது போல.

தட்டினான்.

மேலே ஒரு குடம் கவிழ்ந்து இறங்கியது. பித்தளைக் குடம். கழுத்தில் அவன் பெயர் வெட்டியிருந்தது, கல்யாணத்துக்கு வாங்கியது. குடத்தைப் பிடித்திருந்த கையை அவனுக்குத் தெரியும். அந்தக் கையில் வளையல் இல்லை.

உயிரோடு இருந்தபோது தட்டியதைவிட ஓங்கி, வெறிபிடித்தது போல, மறுபடி மறுபடி தட்டினான்.

தண்ணீரின் மேல்பரப்பு சிலிர்த்தது. பவளத்தின் கை ஒரு கணம் நின்றது.

பிறகு அவள் குடத்தின் வாயால் தண்ணீரை இப்படியும் அப்படியும் அலைத்து, மேலே மிதந்த தூசியை ஒதுக்கிவிட்டு, மொண்டுகொண்டாள்.