ஏழு பன்னிரண்டுக்குத் திறந்த பூட்டு

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் இருந்த சபீனாவின் செல்போன் ரிப்பேர் கடைக்குள் ஒரு மொட்டைத் தலை வேர்க்க விறுவிறுக்க நுழைந்தது. திருப்பதியில் மொட்டைத் தலையை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் இந்தத் தலைக்குக் கீழே இருந்த கண்கள் சிவந்திருந்தன. அதனால் தங்கவேலு பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தங்கவேலு முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு நாள் சபீனாவிடம் வந்தவர், பிறகு தினமும் வர ஆரம்பித்துவிட்டார். தொலைந்த போன், யாரோ புகுந்து பார்த்த போன், மனைவிக்குத் தெரியாமல் வைத்திருந்த இரண்டாவது போன் என்று அங்கே வரும் வழக்குகளின் ருசி அவரை விடவில்லை. “என் அசிஸ்டென்ட்” என்று சபீனா ஒருமுறை விளையாட்டாகச் சொன்னதை அவர் வேலை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

“அக்கா, என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. வேலையே போயிடும் போல இருக்குது” என்றான் வந்தவன்.

அவன் பெயர் வேணு. வடமாலபேட்டைக்குப் பக்கத்து ஊர். டிப்ளமோ முடித்து மூன்று வருடம் அலைந்த பிறகு, ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அவனைத் தேர்ந்தெடுத்து மெயில் அனுப்பியிருந்தது. அதில் வேலையை ஏற்பதற்கு ஒரு பட்டன், மறுப்பதற்கு ஒரு பட்டன். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும். வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருந்ததால், அதை முதலில் முடித்துவிட்டு நல்ல நேரம் பார்த்து அழுத்தலாம் என்று விட்டிருந்தான். இன்று காலை குளித்து, விளக்கேற்றி, மெயிலைத் திறந்தால் கம்பெனியின் வேறொரு கடிதம் இருந்தது. நீங்கள் மறுத்தது பதிவாகிவிட்டது, மாலை ஐந்து மணிக்கு அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறோம், வாழ்த்துகள்.

போன் போட்டுக் கெஞ்சியிருக்கிறான். உங்கள் கணக்கிலிருந்துதானே வந்தது, நீங்கள் அனுப்பவில்லை என்றால் அதை ஐந்து மணிக்குள் நிரூபித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“எப்ப மறுத்ததா போட்டிருக்காங்க?” என்று கேட்டாள் சபீனா.

“நேத்து காலையில ஏழு பன்னெண்டு. அப்ப நான் மலையிலேர்ந்து இறங்கி ஊருக்கு பஸ்ல போய்க்கினு இருந்தேன். நல்ல தூக்கம். போன் மடியிலதான் இருந்துச்சு. என் மூஞ்சியைப் பார்த்தாதான் பூட்டு திறக்கும். நம்பரும் எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அவனுக்குப் பின்னாலேயே எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு ஒருவர் வந்து நின்றார். தாய்மாமன் சீனு. சித்தூரில் மாங்காய் ஏற்றும் லாரி மூன்று வைத்திருப்பவர். உட்காருவதற்கு முன்பே தன் ஐபோனை எடுத்து மேஜையில் வைத்தார்.

“நான் எப்பலேர்ந்தோ சொல்லிக்கினு இருக்கேம்மா. ஆண்ட்ராய்டுன்னா கதவே இல்லாத வீடு. இதோ பாருங்க, ஐபோன். எவனாலயும் உள்ள வர முடியாது.”

அத்தோடு விடவில்லை. ஆண்ட்ராய்டில் வருகிற கிருமிகள், ஐபோனில் வராத கிருமிகள், இவன் மட்டும் தன்னோடு சித்தூருக்கு வந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்நேரம் ஐபோனே வாங்கிக் கொடுத்திருப்பேன் என்பதுவரை போனார். தங்கவேலு சபீனாவின் பக்கமாகக் குனிந்து, மாமா இதைச் செய்வதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முணுமுணுத்தார். சபீனா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“பஸ்ல பக்கத்துல யாரு உட்கார்ந்திருந்தாங்க?”

மூன்று பேர் சீட். ஜன்னலோரம் மாமா, நடுவில் வேணு, இந்தப் பக்கம் அப்பா. அப்பாவும் இன்று கூட வந்திருக்கிறார், ஆனால் கடைக்குள் வரமாட்டேன் என்று எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்றான் வேணு. தங்கவேலு எட்டிப் பார்த்தார். தலையில் துண்டு கட்டிய ஒருவர் பெஞ்சின் நுனியில் இருந்தார். முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது.

சபீனா வேணுவின் போனை வாங்கினாள். முகப்பில் ஒரு படம். மேல்நோக்கி முறுக்கிய மீசையோடு ஒரு விவசாயி, கையில் கரும்பு.

“யாருப்பா இது, ராஜா மாதிரி?” என்றார் தங்கவேலு.

“எங்க நைனாதான். அப்பாவுன்னு பேரைச் சொன்னா எங்க ஊர்ல தெரியாது, மீசைக்காரர்னாதான் தெரியும். அதையும் நேத்து சாமிக்குக் கொடுத்துட்டாரு.”

அடுத்த அரை மணி நேரம் சபீனா அந்தப் போனைக் குடைந்தாள். வேணுவின் மெயில் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று பார்த்தாள். இந்தப் போன் ஒன்றுதான். புதிதாக ஏறிய செயலி எதுவும் இல்லை. பேங்க் கணக்கை யாரும் தொடவில்லை. ஞாயிறு காலை ஏழு பன்னிரண்டுக்குப் பூட்டு ஒருமுறை திறந்திருக்கிறது, மெயில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு கம்பெனி அனுப்பிய அந்த மெயிலைத் திறந்து, அதிலிருந்த இரண்டு பட்டன்களையும் வெகுநேரம் பார்த்தாள். இரண்டும் ஒரே நீலம். இடப்பக்கம் ஏற்கிறேன், வலப்பக்கம் மறுக்கிறேன், ஆங்கிலத்தில்.

“வெளியிலேர்ந்து யாரும் உள்ள வரலை” என்றாள் கடைசியில். “வந்தவனா இருந்தா பேங்கை விட்டுட்டு வேலையைப் பிடுங்க மாட்டான். பக்கத்துல இருந்த யாரோ கையில எடுத்துத் திறந்திருக்காங்க.”

அவள் போனைப் பூட்டி, சட்டென்று சீனுவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். திறக்கவில்லை. தங்கவேலுவுக்கு நீட்டினாள். திறக்கவில்லை. வேணுவுக்கு நீட்டினாள், திறந்துகொண்டது. சீனுதான் என்று உறுதியாக இருந்த தங்கவேலுவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“இந்த மூஞ்சியை எப்பப்பா பதிஞ்ச?” என்று வேணுவைக் கேட்டாள் சபீனா.

“நேத்து விடியக்காலையிலதான் அக்கா. தரிசனத்துக்கு முன்னாடி கொடுத்த போனை மலை மேல டெபாசிட் கவுண்டர்ல திரும்ப வாங்கினேனா, மொட்டையடிச்சு தாடியும் எடுத்துட்டதால என்னை யாருன்னே அதுக்குத் தெரியலை. நம்பர் போட்டுத் திறந்து, பழசை அழிச்சிட்டு புதுசா பதிஞ்சேன்.”

சபீனா எழுந்து, டீக்கடைக்காரரிடம் சூடாக ஒரு டீ வாங்கிக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குப் போனாள். தங்கவேலு பின்னாலேயே ஓடினார்.

“பெரியவரே, இதைக் குடிங்க. ஒரே ஒரு தடவை துண்டை எடுத்துட்டு இந்தப் போனைப் பாருங்க. உங்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

அப்பாவு துண்டை அவிழ்த்தார். மீசையும் முடியும் போன அந்த முகத்தைப் பார்த்ததும் தங்கவேலு திரும்பிக் கடைப் பக்கம் வேணுவைப் பார்த்தார். சுருக்கங்களைத் தள்ளிவிட்டால் அது வேணுதான். அதே நெற்றி, அதே மூக்கு, அதே காது. போன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திறந்துகொண்டது.

அப்பாவு டீயைக் கீழே வைத்தார். 

“புள்ளை நைட்டெல்லாம் க்யூல நின்னு சோறுகூட துன்னாம தூங்கிக்கினு இருந்தான். போன் கிர்ருன்னுச்சு. கம்பெனிக்காரனோ என்னமோன்னு எடுத்துப் பார்த்தேன், தானா திறந்துகிச்சு. இவன் தூங்குறதுக்கு முன்னாடி பார்த்துக்கினு இருந்தது அப்படியே நின்னுச்சு, அதுல ரெண்டு பட்டன் இருந்துச்சு. ஒண்ணை அமுக்கினா வேலைன்னு இவன் வீட்ல சொல்லிக்கினு இருந்தான். எனக்கு இங்கிலீசு தெரியாது. நல்ல காரியத்தை வலது பக்கம்தானே ஆரம்பிப்போம், சாமியையும் வலமாத்தானே சுத்தி வரோம், அதனால வலது பக்கம் அமுக்கினேன். சாமி முடியை வாங்கிக்கினு வேலையைக் கொடுத்துட்டாருன்னு பஸ்ல வழியெல்லாம் சந்தோஷமா வந்தேன். காலையில இவன் அழுதப்பதான் தெரிஞ்சுது. சொல்ல வாய் வரலைம்மா.”

வேணு கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். திட்டப் போகிறான் என்று தங்கவேலு பயந்தார். அவன் வந்து அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்தான்.

“மீசை போனப்புறம் நீ என்னைவிட சின்ன வயசா இருக்கிற நைனா. அதான் போனே ஏமாந்துபோச்சு” என்றான். 

சீனு விடவில்லை. ஐபோனாக இருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டார். அந்தப் போன் முகத்தின் மேடு பள்ளங்களை அளந்து பார்க்கிறது, அதனால் ஏமாற்றுவது கஷ்டம் என்று சபீனா ஒப்புக்கொண்டாள். ஆண்ட்ராய்டிலும் அப்படி அளக்கும் போன்கள் உண்டு. வேணுவுடையது விலை குறைந்தது, முன்பக்க கேமராவில் தெரியும் படத்தை மட்டும் பார்ப்பது. உங்களைப் போல் முகம் உள்ளவர் திறந்துவிடலாம் என்று பதியும்போதே அது எழுதிக் காட்டியிருக்கும், நாம்தான் படிக்காமல் சரி என்று அழுத்திவிடுகிறோம் என்றாள்.

“அது சரி, உங்க ஐபோன் பூட்டு நம்பர் என்ன?”

“ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும், வரிசையா. டிரைவருங்களுக்கெல்லாம் தெரியும். ஏன்?”

“எவனாலயும் உள்ள வர முடியாதுன்னீங்களே, அதான் கேட்டேன்.”

தங்கவேலு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மூன்றரை மணிக்கு சபீனா கம்பெனிக்கு வீடியோ அழைப்பு போட்டாள். அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மாள், சிரிக்காத முகம். சபீனா பாதி தமிழும் பாதி தெலுங்குமாக நடந்ததைச் சொன்னாள். பிறகு இரண்டு மொட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, வேணுவின் போனைப் பூட்டி அப்பாவுவிடம் காட்டினாள். முதல் முறை திறக்கவில்லை. அப்பாவு மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார். திறந்தது.

அந்த அம்மாள் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் காட்டச் சொன்னாள். மறுபடியும் பூட்டி, மறுபடியும் திறந்தார்கள். அப்புறம் அந்தப் பக்கம் இருவரும் திரையை விட்டு விலகித் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். சீனு தன் ஐபோனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என் அக்கா பையன் ரொம்ப நல்லவன், ஒரு நாளும் பொய் சொல்ல மாட்டான், நான் வேண்டுமானால் பேசட்டுமா என்று சபீனாவிடம் மெதுவாகக் கேட்டார். தங்கவேலு அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“இடம் இன்னும் யாருக்கும் கொடுக்கலை” என்றாள் அதிகாரி அம்மாள். “புதுசா ஒரு மெயில் அனுப்புறேன். இந்தத் தடவை நீங்களே பாருங்க வேணு, தூங்கிடாதீங்க.”

நான்கரைக்கு மெயில் வந்தது. அதே இரண்டு நீலப் பட்டன்கள். அப்பாவு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வேணு போய் அந்த வலது கையைப் பிடித்து இழுத்து, ஆள்காட்டி விரலை இடப்பக்கத்துப் பட்டனின் மேல் வைத்தான். வேண்டாம்டா என்று அவர் தலையாட்ட ஆட்ட, விரலோடு சேர்த்து அழுத்தினான்.

திரையில் ஏதோ நாலு வரி வந்தது. 

“என்னடா போட்டிருக்கான்?” என்றார் அப்பாவு.

“அடுத்த திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்து சேரச் சொல்லியிருக்காங்க, நைனா.”